256 'நாய்'களும் ஒரு மாடும்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிரெய்ரி நாய் என்பது நாய் இல்லை. அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு. ஒரு கிலோ எடை வந்தால் அதிகம். கீரிப்பிள்ளை மாதிரி பின்னங்காலில் எழுந்து நின்று சுற்றும் முற்றும் பார்க்கும், ஆபத்து தெரிந்தால் குரைக்கிற மாதிரி கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் 'நாய்' என்று வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வட அமெரிக்காவின் நடுவில் கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ வரை கிடக்கிற புல்வெளிதான் அதன் ஊர். வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாக வாழும். ஐந்து வகை உண்டு, அதில் கறுப்புவால் வகைதான் எண்ணிக்கையில் அதிகம், சண்டையும் பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

என்ன சண்டை? வயலுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் பக்கத்தில் இது இருக்கலாமா கூடாதா என்பது. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் நடக்கிற சண்டை. இதில் வேடிக்கை என்னவென்றால், விஷத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய யாரும் முதலில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை!

பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1804 செப்டம்பர் 7, இன்றைய நெப்ராஸ்கா மாநிலத்தில் மிசௌரி ஆற்றங்கரை. லூயிஸும் கிளார்க்கும் தங்கள் படையோடு ஒரு காலனியைப் பார்க்கிறார்கள். அப்படி ஒரு பிராணியை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. ஒன்றையாவது உயிரோடு பிடித்தே தீருவது என்று தோண்டினார்கள், வளைக்கு அடி தெரியவில்லை. ஐந்து பீப்பாய் தண்ணீர் ஊற்றினார்கள், வளை நிரம்பவில்லை. ஒரு பகல் முழுக்க ஆட்களைப் போட்டு அடித்துப் பிடித்துக் கடைசியில் ஒன்று உயிரோடு சிக்கியது. மறு வருஷம் வசந்தத்தில் படகேற்றி அனுப்பிய பிராணிகளில் ஒரு பிரெய்ரி நாய் உயிரோடு வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது, ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு. வெள்ளைக்காரர்கள் குறிப்பெழுதி வைத்த முதல் 'பிரெய்ரி நாய் பிடிப்பு' இதுதான். ஒரு நாள் உழைப்பு, ஒரு பிராணி. அபத்தம்தான். ஆனாலும் அவர்கள் நேரில் பார்த்தார்கள், பார்த்ததை எழுதினார்கள்.

இதற்குப் பிறகு ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து வருகிறது அந்தப் புகழ்பெற்ற கணக்கு.

சி. ஹார்ட் மெரியம் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையில் உயிரியல் கணக்கெடுப்புப் பிரிவின் தலைவர், பாலூட்டிகளைப் பற்றி அன்றைக்கு அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் சில பேர்தான். அவர் துறையின் ஆண்டுமலருக்காக எழுதிய பிரெய்ரி நாய்க் கட்டுரையில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் ஒரே ஒரு காலனியைப் பற்றிச் சொல்கிறார்: 25,000 சதுர மைல் பரப்பு, 40 கோடி பிரெய்ரி நாய்கள். எப்படி வந்தது 40 கோடி? ஏக்கருக்கு 25 என்று வைத்துக்கொண்டார். ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர். பெருக்கிப் பாருங்கள், 40 கோடி வந்துவிடும். அடுத்ததாக 32 பிரெய்ரி நாய் தின்பது ஒரு ஆடு தின்பதற்குச் சமம், 256 தின்பது ஒரு மாடு தின்பதற்குச் சமம் என்கிறார். இதற்காக யாரும் பிரெய்ரி நாய்க்கு முன்னால் புல்லை எடைபோட்டு வைக்கவில்லை. பிராணியின் உடல் அளவை வைத்துத் தீனி அளவைச் சொல்லும் ஒரு சூத்திரம், ஒரு பேராசிரியர் கொடுத்தது. 40 கோடியை 256 ஆல் வகுத்தால் 15,62,500. ஆக டெக்சாஸ் பிரெய்ரி நாய்கள் பதினைந்தரை லட்சம் மாடுகளின் தீனியைத் தின்றுவிடுகின்றன!

கணக்கில் பிழை கிடையாது. பெருக்கலும் சரி, வகுத்தலும் சரி. உள்ளே போட்ட எண்தான் யூகம். 25,000 சதுர மைலிலும் ஏக்கருக்கு 25 வீதம் சீராக நிற்க அது என்ன நாற்றங்காலா? ஒரு காலனியின் நடுவில் ஒரு கணக்கு, ஓரத்தில் ஒரு கணக்கு, நடுநடுவே வெறும் தரை. அதைவிட முக்கியம், மாடு தின்னும் அதே புல்லை, அதே இடத்தில், அதே பருவத்தில்தான் இதுவும் தின்கிறது என்று முடிவுகட்டியது. மாடு தொடாத செடிகளையும் இது தின்னும் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அந்த 256 ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. மாட்டுப்பண்ணைக்காரர்கள் சொன்னார்கள், அதிகாரிகள் சொன்னார்கள், சட்டசபைகளில் சொன்னார்கள். அரசாங்கப் பணம் வந்தது. ஸ்ட்ரிக்னின் தடவிய தானியம் டன் டன்னாகப் போனது. ஸ்ட்ரிக்னின் என்றால் ஏதோ மேல்நாட்டு ரசாயனம் என்று நினைக்க வேண்டாம், தமிழ்நாட்டுக் காட்டில் நிற்கும் எட்டி மரத்தின் கொட்டையில் இருக்கிற அதே நஞ்சுதான். பின்னால் 1080 என்ற இன்னும் கொடிய விஷம் வந்தது. 1972-ல் ஜனாதிபதி நிக்சன் கூட்டரசு நிலங்களில் கொன்றுதின்னிகளுக்கு வைக்கும் விஷத்தைத் தடை செய்தார். அந்தத் தடைக்கு ஒரு முக்கியக் காரணம், விஷம் யாருக்காக வைத்ததோ அதைத் தாண்டி கழுகு வரை போய்க்கொண்டிருந்தது.

விளைவு? ஒரு காலத்தில் எட்டிலிருந்து பத்துக் கோடி ஏக்கரில் பரவியிருந்ததாக மதிப்பிடப்படும் கறுப்புவால் பிரெய்ரி நாய்க்கு இன்றைக்கு மிஞ்சியது அதில் ஒரு சில சதவீதம்தான். எல்லாவற்றுக்கும் விஷம் மட்டும் காரணம் இல்லை. உழவு பெரிய காரணம், பிளேக் இன்னொரு பெரிய காரணம். பிளேக் அந்த மண்ணின் நோய் அல்ல, 1900 வாக்கில் கப்பல் எலிகளோடு சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது. ஒரு காலனிக்குள் புகுந்தால் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் செத்துவிடும். ஆனால் உழவும் பிளேக்கும் தொடாத இடங்களைத் தேடிப் போய்த் துடைத்தது விஷம்தான்.

அதோடு போனது கருங்கால் ஃபெரட். கீரி மாதிரி நீளமான உடம்பு, முகத்தில் முகமூடி போட்ட மாதிரி கறுப்புப் பட்டை. பிரெய்ரி நாயைத் தவிர அதற்குப் பெரிதாக வேறு இரை கிடையாது. இருப்பதும் பிரெய்ரி நாயின் வளையில்தான். 1979-ல் கூண்டில் இருந்த கடைசி ஃபெரட்டும் செத்தது, இனமே அழிந்தது என்று நினைத்தார்கள். 1981-ல் வயோமிங் மாநிலம் மீட்டீட்ஸி பக்கத்தில் ஒரு பண்ணை நாய் எதையோ கொன்று கொண்டுவந்து வாசலில் போட்டது, பார்த்தால் ஃபெரட்! தேடிப் போய் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள்ளும் நோய் புகுந்து, 1987-ல் கடைசியாகப் பிடித்துக் கூண்டில் சேர்த்தபோது இருந்தது மொத்தம் 18. அதில் ஏழின் வம்சம்தான் பிறகு தொடர்ந்தது. 1988-ல் வாரிசு இல்லாமல் செத்துப்போன வில்லா என்ற பெண் ஃபெரட்டின் உறைய வைத்த திசுவிலிருந்து 2020-ல் எலிசபெத் ஆன் என்ற குளோனை உருவாக்க வேண்டிய நிலைமை. ஒரு சூத்திரத்தை யாரும் சரிபார்க்காததற்குக் கொடுத்த விலை!

சரி, பழங்கதை போதும் என்பார்கள். இன்றைக்கு யார் மெரியத்தை நம்புகிறார்கள் என்பார்கள். கான்ஸஸ் போனால் தெரியும்.

கான்ஸஸில் 1900-களின் தொடக்கத்தில் போட்ட ஒரு சட்டம் உண்டு. உன் நிலத்தில் பிரெய்ரி நாய் இருந்து நீ ஒழிக்கவில்லை என்றால், உள்ளாட்சி ஆட்களை அனுப்பி ஒழிக்கும், செலவை உன் தலையில் கட்டும். நிலம் உன்னுடையது, புல் உன்னுடையது, நஷ்டம் வந்தால் அதுவும் உன்னுடையது. ஆனால் வைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் உனக்கு இல்லை. நூறு வருஷம் கழித்து 2005 வாக்கில் லோகன் கவுண்டியில் இந்தச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்தார்கள். அங்கே இரண்டு பண்ணைக் குடும்பங்கள் சேர்ந்து சுமார் 10,000 ஏக்கரில் பிரெய்ரி நாய்களை விட்டுவைத்திருந்தன. மாடும் மேய்ந்தது, பிரெய்ரி நாயும் இருந்தது. அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள், கவுண்டி விஷத்தோடு வந்தது, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 2007 டிசம்பரில் அதே நிலத்தில்தான் ஃபெரட்களை விட்டார்கள். கான்ஸஸ் ஐம்பது வருஷமாகப் பார்க்காத பிராணி திரும்பி வந்ததே இந்த இரண்டு பிடிவாதக்காரர்களால்தான்.

அக்கம்பக்கத்தாரின் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. பிரெய்ரி நாய்க்கு வேலி தெரியாது, அடுத்தவன் நிலத்தில் பெருகி இவன் நிலத்துக்குள் வரும். அதனால்தான் லோகன் கவுண்டியில் எல்லையோரமாக மின்வேலி போட்டு மாட்டை ஒதுக்கிப் புல்லை உயர வளரவிட்டுப் பார்த்தார்கள். எல்லைப் பட்டையில் மட்டும் கட்டுப்படுத்தவும் செய்தார்கள். இது பேசித் தீர்க்கிற விஷயம். ஒரு மாநிலச் சட்டம் போட்டு எல்லா நிலத்திலும் எல்லா வளையையும் மூடு என்பது பேச்சு இல்லை.

அந்தப் புல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும் சூத்திரம் போடுவதற்கும் உள்ள வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. பிரெய்ரி நாய் வளையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் செடிகளை வெட்டித் தள்ளும். தின்பதற்காக மட்டும் இல்லை, பல சமயம் வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். காரணம் பார்வை. நரியும் கழுகும் பதுங்கி வர இடம் இருக்கக் கூடாது. இதைப் பார்க்கிற மாட்டுக்காரருக்கு வயிறு எரிகிறது, நியாயம்தான். ஆனால் இதே குணத்தைத் திருப்பிப் போட்டால் அதுவே வேலி! உயரமான அடர்ந்த புல்பட்டை ஒன்றை எல்லையோரம் விட்டுவைத்தால் பிரெய்ரி நாய் அதைக் கடந்து பரவத் தயங்கும். அளவுக்கு மீறி மேயவிட்டு மொட்டை அடித்த நிலத்தில்தான் வேகமாகப் பரவும். அதாவது பல இடங்களில் பிரெய்ரி நாயைக் கூப்பிட்டுக் குடிவைத்ததே மாடுதான். பழி மட்டும் சின்னவன் மேல்.

வெட்டி வெட்டி விடுவதால் அங்கே துளிர்க்கும் இளம்புல்லில் புரதம் கூடுதல் என்பதும் அளந்து பார்த்த விஷயம். காட்டெருமை காலனிகளைத் தேடிப் போய் மேயும். அளவு குறைவு, சத்து அதிகம். இரண்டையும் கூட்டிக் கழித்தால் மாட்டுக்கு எவ்வளவு நஷ்டம்? கொலராடோவின் குட்டைப்புல் நிலத்தில் பல வருஷம் மாட்டை நிறுத்து எடை போட்டு, 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேய்ச்சல் நிலத்தில் 20 சதவீதத்தை பிரெய்ரி நாய் பிடித்தபோது மாட்டின் எடை கூடுவது 5.5 சதவீதம் குறைந்தது. 60 சதவீதத்தைப் பிடித்தபோது 14 சதவீதம் குறைந்தது. நஷ்டமே இல்லை என்று சொல்லும் நகரத்து விலங்குப் பிரியர்கள் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். பாதி நிலம் போனால் பாதி மாடு போச்சு என்று ஒப்பாரி வைப்பவர்களும் படிக்க வேண்டும். பாதிக்கு மேல் நிலத்தைப் பிடித்தும் ஏழில் ஒரு பங்கு! தெற்கு டகோட்டாவின் கோனாட்டா பேசினில் விஷம் வைக்கும் செலவையும் அதனால் கூடுதலாகக் கிடைக்கும் புல்லின் மதிப்பையும் ஒப்பிட்டு 1984-லேயே ஓர் ஆய்வு வந்தது. செலவுதான் அதிகம் என்றது. வைத்த விஷத்துக்குப் பிறகு சில வருஷத்தில் காலனி மறுபடி நிரம்பிவிடும், மறுபடி வைக்க வேண்டும், மறுபடி செலவு. யாருடைய பணம்? பெரும்பாலும் வரிப்பணம்.

இன்னொரு பல்லவி, எலி மாதிரி பெருகிவிடும் என்பது. இதை ஜான் ஹூக்லண்ட் என்ற ஆய்வாளர் உடைத்துப் போட்டார். 1970-களின் மத்தியில் தொடங்கி பதினான்கு வருஷம், தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் தேசியப் பூங்காவில் ஒரே காலனியைக் காவல் காத்தார். ஓட்ஸ் போட்ட கூண்டுப்பொறியில் எல்லாவற்றையும் உயிரோடு பிடிப்பது, காதில் எண் வில்லை, ரோமத்தில் கறுப்புச் சாயத்தால் பெரிய அடையாளம், அப்புறம் அதே வளையில் திருப்பி விடுவது. பிறகு பரண் மேல் ஏறி உட்கார்ந்து விடியலில் இருந்து இருட்டும் வரை பார்ப்பது. யார் எந்த வளையில் தூங்குகிறார், யார் யாரோடு மூக்கை உரசுகிறார், யார் யாரை விரட்டுகிறார் என்று எல்லாம் நோட்டில் ஏறும். பார்த்ததில் தெரிந்தது: பெண் பிரெய்ரி நாய் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் இனச்சேர்க்கைக்குத் தயார், அதுவும் சில மணி நேரம். வருஷத்துக்கு ஓர் ஈற்று. தரைக்கு மேல் வந்து சேரும் குட்டிகள் சராசரி மூன்று. அதற்கும் முன்னால், பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயே பக்கத்து வளையில் இருக்கும் தன் அக்கா தங்கையின் குட்டிகளைக் கொன்றுவிடும். 1985-ல் இதை எழுதியபோது உயிரியல்காரர்களே ஆடிப்போனார்கள். எலியோடு ஒப்பிட்டால் இது கைக்குழந்தை வேகம். 'எலி மாதிரி' என்று சொன்னவர் யாரும் ஒரு நாள்கூடப் பரணில் ஏறியவர் இல்லை.

(அரிசோனாவில் கன்னிசன் வகையின் குரலைப் பதிவு செய்து ஆராய்ந்த ஸ்லோபோட்சிகாஃப், வருபவர் பருந்தா நரியா மனிதனா, மனிதன் என்றால் சட்டை என்ன நிறம் என்பது வரை கத்தலில் வித்தியாசம் இருக்கிறது என்றார். மொழி என்று சொல்லலாமா என்பது தனி விவாதம். ஆனால் துப்பாக்கியோடு வருபவரை அடையாளம் தெரிந்து பதுங்குகிறது என்றால், தலை எண்ணப் போகிறவர் துப்பாக்கி இல்லாமல் போவது உத்தமம்!)

இவ்வளவும் மேய்ச்சல் நிலத்துக் கதை. உழுது பாத்தி கட்டிய வயல் வேறு. அங்கே விவசாயி பக்கம் நிற்காமல் இருக்க முடியாது. தண்ணீர் பாய்ச்சிய குதிரைமசால் வயல் பிரெய்ரி நாய்க்குக் கல்யாண விருந்து. சுற்றிலும் காய்ந்த புதர், நடுவில் பச்சைப் பசேல் என்று புரதம். வளை மண்மேடுகள் அறுவடை இயந்திரத்தின் பல்லை உடைக்கும், வாய்க்கால் நீர் வளைக்குள் இறங்கி ஓடிவிடும். மெக்சிகோவின் சால்டில்யோ பக்கம் உருளைக்கிழங்கு வயல்கள் மெக்சிகன் பிரெய்ரி நாயின் கடைசி நிலங்களையே விழுங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. அங்கே யார் யாருடைய வயலுக்குள் போனார் என்பதே கேள்வி.

யூட்டா மாநிலத்தில் இந்தச் சிக்கல் முற்றியது. யூட்டா பிரெய்ரி நாயை 1973-ல் அழியும் இனப் பட்டியலில் சேர்த்தார்கள். பொதுநிலத்தைவிடத் தனியார் வயலும் புல்தரையும்தான் அதற்குப் பிடித்திருந்தது. குதிரைமசால் விவசாயி பயிரைத் தின்னும் பிராணியைத் தொட்டால் குற்றம்! 1984-ல் ஒரு படி இறக்கி, வருஷத்துக்கு 5,000 வரை உரிமத்தோடு கொல்லலாம் என்றார்கள், 1991-ல் அது 6,000 ஆனது. நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டு 2014-ல் கீழ் கோர்ட்டில் ஜெயித்து 2017-ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். இதற்கு நடுவே ஆயிரக்கணக்கில் பொறியில் பிடித்து மேட்டுநிலப் பொதுக்காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். விட்டதில் பிழைத்தது சொற்பம். பிடித்தோம், ஏற்றினோம், இறக்கினோம், கைதட்டினோம் என்று நடந்த காலம் அது.

இங்கேதான் விலங்குப் பிரியர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. பொறி வைத்துப் பிடித்தால் கொல்லாமல் தப்பித்தது என்று மனசுக்கு ஆறுதல். அதற்கப்புறம் என்ன ஆனது என்று எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள்? காலனி இல்லாத வெறும் நிலத்தில், பழக்கமில்லாத முகங்களோடு, வளை இல்லாமல் இறக்கிவிடப்பட்ட பிரெய்ரி நாய் அன்றைக்கு ராத்திரியே வளைக்கரடிக்கு விருந்து. அது கருணைக் கொலைகூட இல்லை, கருணை இல்லாத கொலை.

சரியாகச் செய்யலாம், செய்தும் காட்டியிருக்கிறார்கள். குடும்பத்தோடு மொத்தமாகப் பிடித்து, குடும்பத்தோடு அடுத்தடுத்த வளையில் விட்டால், கலைத்துப் போட்டு விட்டதைக் காட்டிலும் பிழைக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்று 2006-ல் நியூ மெக்சிகோவில் நடந்த ஆய்வு சொன்னது. குடும்பம் எது என்று எப்படித் தெரியும்? பொறி வைக்கும் முன் நாலைந்து காலை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வேறு வழி கிடையாது.

பொறி வைப்பதே ஒரு பொறுமை. கம்பிக்கூண்டை வளை வாசலுக்குப் பக்கத்தில் வைத்து, கதவைத் திறந்தபடி கட்டிவிட வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஓட்ஸ். பல நாள் சும்மா தின்றுவிட்டுப் போகட்டும். கூண்டு பழகிய பிறகுதான் கதவை விடுவிப்பது. விடியலில் வைக்க வேண்டும், அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், வெயில் ஏறும் முன் மூடிவிட வேண்டும். ஜூலை வெயிலில் இரும்புக்கூண்டில் அரை மணி நேரம் கிடந்தால் பிராணி வெந்துவிடும். புல் பச்சையாக இருக்கும்போது ஓட்ஸை அது சட்டை செய்யாது. குட்டி இன்னும் வளைக்குள் இருக்கும் வசந்தத்தில் தாயைப் பிடித்தால் உள்ளே இருப்பது பட்டினியில் சாகும், கண்ணுக்குத் தெரியாது, கணக்கிலும் வராது. பிடித்ததும் முதல் வேலை தெள்ளுப்பூச்சி மருந்து, ஏனென்றால் பிளேக்கைச் சுமப்பது தெள்ளுப்பூச்சி. விடும் இடத்தில் முன்கூட்டியே பெட்டியும் குழாயும் புதைத்து செயற்கை வளை செய்து, மேலே கூண்டு கவிழ்த்து, சில நாள் தீனி போட்டுப் பழக்கிவிட்டு எடுப்பது. இத்தனையும் கூலி வேலை. விஷம் சல்லிசு. ஆகவே விஷம்!

பொறியைக் கெடுத்தவர்கள் வேறு சிலரும் உண்டு. 1990-களில் கொலராடோவின் கோர்டெஸ் ஊரில் சாக்கடை உறிஞ்சும் லாரியை மாற்றியமைத்து, வளைக்குள் குழாயை விட்டு பிரெய்ரி நாய்களை உறிஞ்சி எடுத்தார்கள். டி.வி.க்காரர்களுக்குக் கொண்டாட்டம். எந்தக் குடும்பம், எந்தக் குட்டி, ஒன்றும் கிடையாது, டாங்கியில் விழுந்தது எல்லாம் சரக்கு. செல்லப்பிராணி வியாபாரமும் அப்படித்தான். டெக்சாஸில் பிடித்து ஜப்பான் வரை ஏற்றுமதி செய்தார்கள். 2002-ல் டெக்சாஸ் வியாபாரக் கூடத்தில் துலரீமியா நோய் வந்து செத்து விழுந்தன. 2003-ல் கானாவிலிருந்து வந்த எலிகளோடு ஒரே கூடத்தில் வைத்ததில் குரங்கம்மை தொற்றி, அதை வாங்கியவர்கள் வழியாக ஆறு மாநிலங்களில் 47 பேருக்கு வந்தது. யாரும் சாகவில்லை, அதிர்ஷ்டம். ஜப்பான் இறக்குமதியை நிறுத்தியது, அமெரிக்காவும் 2003-ல் விற்பனையைத் தடை செய்து 2008-ல் நீக்கியது. இந்த நோய்க்கு பிரெய்ரி நாய் ஊற்றுக்கண் இல்லை. கூண்டில் அடைத்துக் கடையில் கலந்தவர்கள்தான். ஆனால் 'நோய் பரப்பி' என்ற பட்டம் காலனியில் சும்மா இருந்த பிரெய்ரி நாய்களுக்குப் போனது. பிளேக்கைச் சொல்லி பயமுறுத்துபவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்கா முழுவதும் வருஷத்துக்குச் சராசரி ஏழு பேருக்குத்தான் பிளேக் வருகிறது, அதிலும் எல்லாம் பிரெய்ரி நாயால் இல்லை.

சட்டம் யார் பக்கம் என்பதையும் பாருங்கள். கொலராடோவில் 1999 முதல், பிரெய்ரி நாயை ஒரு கவுண்டியிலிருந்து இன்னொரு கவுண்டிக்கு உயிரோடு கொண்டுபோக, வாங்கும் கவுண்டியின் ஆணையர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். விஷம் வைத்துக் கொல்ல இப்படி எந்த ஆணையரின் சம்மதமும் தேவையில்லை! 2009-ல் ரோசோல் என்ற ரத்தம் உறையாமல் செய்யும் விஷத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் முகமை அனுமதி கொடுத்தது. தின்ற பிராணி உடனே சாகாது. நாள் கணக்கில், வார கணக்கில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, தள்ளாடித் தள்ளாடித் தரைமேல் திரியும். கழுகுக்கும் பருந்துக்கும் அதைவிட எளிய இரை உண்டா? செத்ததைத் தேடிப் பொறுக்க வேண்டும் என்று பாக்கெட்டின் மேல் விதி அச்சடித்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் திரும்பத் திரும்ப நடந்து போய் யார் பொறுக்குவார்கள்? இதற்குப் பதில் துத்தநாக பாஸ்பைடு, அதாவது தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் பழக்கமான அதே கறுப்பு எலிமருந்து, எவ்வளவோ மேல். சில மணி நேரத்தில் முடித்துவிடும், தின்னும் பறவைக்குப் பெரும்பாலும் கடத்தாது. கொல்வதிலும் அறிவோடு கொல்வது என்று ஒன்று இருக்கிறது.

வயலோரத்தில் கட்டுப்படுத்தக் கூடாது என்று இங்கே யாரும் வாதாடவில்லை. குதிரைமசாலுக்குள் வந்தவற்றைப் பொறியில் பிடிக்கட்டும். விட இடம் இல்லை என்றால் கொலராடோவில் இருக்கும் ஃபெரட் வளர்ப்பு மையத்துக்கு இரையாகக் கொடுக்கட்டும், அங்கே வேட்டை பழகும் ஃபெரட்டுக்கு அதுதான் பாடப்புத்தகம். அதையும் செய்ய ஆள் இல்லை என்றால் வயல் எல்லையில் மட்டும் விஷம் வைக்கட்டும். ஆனால் அரசாங்கப் பணத்தில் ஒரு கைப்பிடி விஷ ஓட்ஸ் போடுவதற்கு முன் இரண்டு எண்ணைக் கேட்க வேண்டும். எத்தனை தலை? எத்தனை வளையில் ஆள் இருக்கிறது?

இது ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. வளை வாயை எண்ணித் தலையைச் சொல்வதுதான் இன்றும் நடக்கும் மோசடி, ஏனென்றால் ஒரு பிரெய்ரி நாய்க்குப் பல வாசல், பாதி வளை காலி. சாயங்காலம் எல்லா வாயையும் மண்ணால் மூடிவிட்டு, இரண்டு நாள் கழித்து எது திறந்திருக்கிறது என்று பார்த்தால் குடியிருப்பு எது, காலிமனை எது என்று தெரிந்துவிடும். தலை எண்ண ஒரு தொலைநோக்கி, ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. காலை வெயில் ஏறும் நேரம் வெளியே நிற்பவற்றை இடமிருந்து வலமாக எண்ணுவது, கால் மணி கழித்து மறுபடி, அப்புறம் மறுபடி, வந்ததில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வது. மூன்று நாலு காலை இப்படிச் செய்யலாம். காற்று பலமாக அடிக்கும் நாளில் வேண்டாம், பாதி வெளியே வராது. கறுப்புவால் குட்டிகள் மே மாதத்தில் வளைக்கு மேல் வரத் தொடங்கும். ஜூன் முதல் வாரத்தில் போய் உட்கார்ந்தால் பெரியது எத்தனை, அந்த வருஷக் குட்டி எத்தனை என்று தனித்தனியாகவே எண்ணிவிடலாம்.